மிளகாய்க் காட்டில் மாட்டிய படம்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. "காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே எனக்கு வந்த நல்ல வரன்கள் திரும்பிப் போயின. வகுப்பறையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலி குடை மாட்டத்தான் பயன்பட்டது. பிள்ளைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் சொல்வேன். நின்றால் கோபம் வரும், ஏன் என்று கேட்டால் தெரியாது.

அறுபதுகளின் கடைசி அது. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில், பங்குக் கோயிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் எனக்கு நாலாம் வகுப்பு. பிள்ளைகளில் பாதி எங்களைப் போல வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், பாதி மற்றவர்கள். எல்லார் வீட்டிலும் காட்டு வேலை, புன்செய் விவசாயம்தான்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் அக்காவின் பிரசவத்துக்காக மெட்ராஸ் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசாமல் உட்காரச் சொன்னார்கள். எனக்கா அது முடியும்? தெருத்தெருவாகச் சுற்றினேன். வெயில் தாங்காமல் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால், சுவரெல்லாம் படங்கள். ஒன்றிலும் ஆளில்லை, மரமில்லை, ஆறில்லை. பெரிதாக ஒன்று: கறுப்பு, அதன் மேல் இன்னும் கறுப்பு, ஒரு பக்கம் கிழித்துவிட்டதுபோல மஞ்சள். மூலையில் தாடிக்கார இளைஞன் ஒருவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"இது என்னங்க?" என்றேன்.

"உங்களுக்கு என்னவாத் தெரியுது?" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவனெல்லாம் எதற்குப் படம் போடுகிறான்? விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். ஆனால் அக்காவுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் அந்த மஞ்சள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அடுத்த நாள் மறுபடியும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். கடைசியில் அந்த இளைஞனே, தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தானோ என்னவோ, அந்தப் படத்தை அச்சடித்த பெரிய தாள் ஒன்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். ஊர் வரைக்கும் அது நசுங்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். நிற்பது எனக்குக் கஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சித்திரம். அதுவரைக்கும் சித்திரம் என்றால் நான் கரும்பலகையில் ஒரு மாங்காய் போடுவேன், பிள்ளைகள் சிலேட்டில் மாங்காய் போடுவார்கள். அடுத்த வாரம் குடம், அதற்கடுத்த வாரம் கொடி. அப்புறம் திரும்பவும் மாங்காய். எனக்கே கொட்டாவி வரும். பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை கரும்பலகை மேல் அந்த மெட்ராஸ் தாளை மாட்டினேன்.

பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே கூச்சல். "சட்டி அடியில புடிச்ச கரிங்க டீச்சர்!" "இல்லீங்க, மழ வர்றதுக்கு முன்னால மானம் இருட்டிக்கிட்டு நிக்கும்ல, அதுங்க!" "எங்கூட்டுச் செவுரு!" முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தாள். ரோட்டோரம் மிளகாய்க் காடு வைத்திருந்தவர்களின் மகள். எப்போதும் அப்படித்தான், கேட்டாலொழியப் பேசமாட்டாள். அன்றைக்கு அவளாக எழுந்து கேட்டாள்.

"இது எதுக்குங்க டீச்சர்?"

நல்ல கேள்விதான். வீட்டிலிருக்கும் மாதா படம் கும்பிட. சுவரிலிருக்கும் இந்தியா படம் ஊர் காட்ட. பல்லும் எலும்பும் போட்ட படம் சுகாதாரப் பாடத்துக்கு. இது?

"பாக்கறதுக்கு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. வெறுமனே பார்க்க ஒரு படமா என்று அந்தச் சிறுமியும் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர்களைப் போட வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தாளுக்கு எங்கே போவது? மத்தியானச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து பால் பவுடர் வரும். அது வருகிற பை, தடித்த பழுப்புக் காகிதம், அடுக்கடுக்காக இருக்கும். சமையல் செய்கிற அக்காவிடம் சொல்லி வைத்து ஒவ்வொரு பையாக வாங்கி, பிரித்து, உதறி, துண்டு போட்டேன். கரும்பலகைக்குப் பூசும் கரியும் ஊமத்தை இலைச் சாறும் கறுப்பாயிற்று. மஞ்சள் தூள், காவி, சுண்ணாம்பு, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். குச்சியை நுனியில் கடித்துப் பிசிறாக்கினால் தூரிகை.

"மனசுல தோணறதப் போடுங்க" என்றேன். எல்லாரும் மாங்காய் போட்டார்கள். கத்தினேன். பயந்துபோய்க் கொடி போட்டார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும்போலிருந்தது. வகுப்புக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வெளியே நாய் ஒன்று யாரையோ துரத்திக்கொண்டு ஓடியது. சட்டென்று சொன்னேன். "நாய் தொரத்தறதப் போடுங்க. ஆனா நாயப் போடக்கூடாது. ஓடறவனையும் போடக்கூடாது."

"அப்பறம் என்னத்தங்க போடறது?"

"தொரத்தறத."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருவன் காவியைத் தொட்டுத் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தான். அவ்வளவுதான், அணை உடைந்தது. அதற்கப்புறம் வாராவாரம் ஒன்று: மத்தியான வெயில், பசி, அப்பா அதட்டுவது, காய்ச்சல். காய்ச்சலுக்கு ஒருத்தி தாள் முழுக்கச் சுண்ணாம்பு பூசி நடுவில் ஒரு நீலப் புள்ளி வைத்தாள். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளி விடும் மணி அடித்தது தெரியாமல் நின்றிருக்கிறேன்.

கிணற்றை எட்டிப் பார்ப்பது என்று ஒரு வாரம் கொடுத்தேன். அந்தப் பேசாத சிறுமி தாளைச் சுற்றிச் சுற்றிக் கறுப்பைப் பூசினாள். கறுப்புக்குள் கறுப்பு. நடுவில், சரியாக நடுவில் அல்ல, கொஞ்சம் கீழே தள்ளி, சின்னதாக மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு. பார்த்தால் உள்ளே இழுத்தது. அத்தனை படத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பிள்ளைகள் மாங்காயை விட்டுவிட்டுப் பேய்ப் படம் போடுவதாக யாரோ சொல்ல, அவர் போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்குத் தாளாளர் அவர்தான். அந்தப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது தலைமையாசிரியரின் யோசனை.

சாமியாருக்குப் பெரிய குரல், பெரிய மோட்டார் சைக்கிள். ஊரில் அவருக்கு ஆகாத ஒரே விஷயம் திருஷ்டி கழிப்பது. விளைந்த காட்டிலும் கட்டுகிற வீட்டிலும் கண்பட்டுவிடும் என்று சுண்ணாம்புப் பொட்டு வைத்த கரிச்சட்டி கவிழ்த்து வைப்பார்கள். அப்படி ஒரு சட்டியைக் கோயிலுக்கு வருகிற ஒருவரின் காட்டிலிருந்து அவரே பிடுங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்ததும் கோயில் படியில் போட்டு உடைத்தார். "சிலுவை போடற கைக்குச் சட்டி எதுக்குய்யா?" என்று அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டதாம்.

என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் நின்றபடியே வாதாடினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "டீச்சர், அடுத்த ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் பெத்தவங்க கூட்டம். எல்லாப் படத்தையும் சுவத்துல மாட்டுங்க. அவங்க பாக்கட்டும். அவங்களுக்குப் பிடிச்சா பீரியட் இருக்கட்டும். பிடிக்கலேன்னா கணக்கு."

"பீரியட் போனா நானும் போறேன் சாமி" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. வேலையை விட்டால் வீட்டில் அப்பா உடனே ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து, எதிரே உட்கார வைத்துவிடுவார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், நல்ல படங்களாக எடுத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்த தாள்கள் இல்லை. அடியில் நாலைந்து மாங்காய்கள் கிடந்தன.

அடுப்புக்கு எரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சமையலறைக்கு ஓடினேன். சமையல் அக்கா உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள்.

"எரிக்கலீங்க டீச்சரம்மா. கேட்டவங்களுக்குக் குடுத்தனுங்க. புள்ளைங்களப் பெத்தவங்கதான வந்து கேக்கறாங்க, இல்லேன்னு சொல்லலாங்களா?"

"எதுக்குக் கேட்டாங்க?"

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "திருஷ்டிக்குங்க. சட்டி வெச்சா சாமி ஒடைச்சுப் போடறாரு. படம்னா ஒண்ணும் சொல்லமாட்டாரில்லீங்க? மொதல்ல அந்தப் பேசாத புள்ள வூட்லதான் மாட்டுனாங்க. மொளகா பாத்தீங்களா எப்பிடிக் காய்ச்சிருக்குதுன்னு? அப்பறம் ஆளாளுக்கு வந்துட்டாங்க."

மெட்ராஸிலிருந்து நின்றுகொண்டே தூக்கிவந்தேனே, அது இதற்குத்தானா? பேய்ப் படம் என்று சொன்னவர்களை மன்னிக்கலாம். இவர்கள் திருஷ்டிச் சட்டிபோல அசிங்கம் என்று நம்பித்தானே வாங்கிப் போயிருக்கிறார்கள்! குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதை என்று வாய்விட்டுத் திட்டினேன். சமையல் அக்கா தன்னைத்தான் சொல்கிறேனாக்கும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. விடிந்ததும் கிளம்பினேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கி வருவது என்று முடிவு. பாதிக் கட்டிய ஒரு வீட்டின் சாரத்தில் 'பசி' தொங்கியது. எட்டவில்லை. ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் 'அப்பா அதட்டுவது'. கன்று போட்ட மாடு என்னை முட்ட வந்தது. வெயில் ஏற ஏற என் கோபமும் ஏறியது. ரோட்டோர மிளகாய்க் காட்டுக்கு வந்தபோது, வரப்பு ஓரத்தில் நட்ட கம்பின் மேல், ஓலைத் தட்டியில் கட்டி, ரோட்டைப் பார்த்தாற்போல் இருந்தது என் கிணறு.

கம்பில் கை வைத்துவிட்டேன். காட்டுக்குள்ளிருந்து அந்தச் சிறுமியின் அம்மா ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, எடுத்துடாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போவுது!"

"ஏனுங்க அக்கா, உங்க பொண்ணு எவ்வளவு ஒழுங்கா போட்ட படம் இது! இதப் போயி சட்டிக்குப் பதிலா வெச்சிருக்கீங்களே!"

"பழம் செவந்து நிக்குதுங்க. சந்தைக்குப் போறவங்க கண்ணெல்லாம் இது மேலதான். இந்த வெள்ளாம ஒண்ணுதாங்க எங்களுக்கு இந்த வருசம்."

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகும் வண்டிகள் வந்தன. சட்டென்று இருவரும் வரப்பிலிருந்த அவரைக்கொடிப் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்கினோம். முன்வண்டி நின்றது. வண்டிக்காரர் படத்தையே பார்த்தார்.

"என்னா மாமா இது?" என்றான் பின்வண்டிக்காரன்.

"கண்ணுடா."

"கண்ணா? கண்ணு இம்மாங் கறுப்பாவா இருக்கும்? குகை மாதிரி இருக்குது. உள்ள எவனோ வெளக்கு வெச்சிருக்கான்."

"வெளக்குன்னா மேல பாத்து எரியும். இது கீழ கெடக்குது பாரு. தண்ணியில நெலா."

"நெலாவச் சுத்திச் செவப்பு எதுக்கு?"

முதல் வண்டிக்காரர் இறங்கிவிட்டார். கிட்டே வந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். மெட்ராஸில் நானும் இப்படியேதான் செய்தேன். மூன்று நாள் போய் நின்றும் இந்த மனிதர் கேட்ட கேள்விகளில் பாதியை நான் கேட்கவில்லை. பழுத்த மிளகாய்ப் பக்கம் இருவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. வண்டிகள் போன பின்பும் அவர்கள் சண்டை ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டது.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரிக்கத் தெரியவில்லை. நாளைக்குச் சுவரில் மாட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் பிடுங்கிக்கொண்டு போய் நாலு சுவருக்குள் வைத்தால் இப்படிப் பார்ப்பார்களா? கம்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"சாமிகிட்டச் சொல்லிடாதீங்க டீச்சரம்மா" என்றாள் அந்த அம்மா. "வந்து செத்த உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போங்க." எனக்கு உட்கார நேரமில்லை என்று சொல்லி, வெறுங்கையோடு வந்த வழியே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சுவரில் என் மெட்ராஸ் தாளும் பக்கத்தில் நாலைந்து மாங்காயும். பெற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"எங்க டீச்சர் படமெல்லாம்?"

"பெத்தவங்க வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க சாமி." பொய்யில்லை.

"ஏன்?"

நான் மாங்காய்த் தாளைச் சரியாக மாட்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன். சாமியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

உண்மையைச் சொன்னால் கோயில் படியில் மறுபடியும் உடையும். கோயிலுக்கு வராத ஒருவர் வெள்ளந்தியாக, "அது ஒண்ணுமில்லீங்க சாமி, கண்ணு..." என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி தொடையில் கிள்ளிய கிள்ளில் அப்படியே நிறுத்திவிட்டார்.

"கண்ணு?" என்றார் சாமியார்.

"கண்ணுக்கு நல்லா இருக்குதுங்க" என்றாள் மனைவி.

அந்த வழி திறந்ததும் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். "காலையில பாத்தா ஒரு மாதிரி, சாயங்காலம் வெயில் சாய்ஞ்சா வேற மாதிரித் தெரியுதுங்க சாமி" என்றார் ஒரு பெரியவர். "எம் பையன் போட்டதுல ஒரு மூலையில கொஞ்சூண்டு நீலம் இருக்குதுங்க. அது ஏன் அங்க போய் ஒக்காந்திருக்குதுன்னு ரோசன பண்ணிக்கிட்டே மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்துட்டனுங்க" என்றார் இன்னொருவர். எனக்குக் காது சிவந்தது. எல்லாம் பொய். பொய் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் போகப் போக, தாங்கள் பொய் சொல்ல ஆரம்பித்ததை மறந்துவிட்டார்கள்போல, ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசத் தொடங்கினார்கள். "அந்த நீலம் இல்லேன்னா அதுல என்னா இருக்குது?" என்று யாரோ கேட்க, இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள்.

கடைசியாக அந்தச் சிறுமியின் அம்மாவைச் சாமியார் பார்த்தார். அவள் எழுந்தாள். முந்தானையை முறுக்கினாள். "மொதல்ல எனக்குப் பயமா இருந்துச்சுங்க சாமி. இப்ப இல்லீங்க" என்றாள். சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"சரி. பீரியட் இருக்கட்டும்" என்றார் சாமியார். தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். கூட்டம் கலைந்தது. சாமியார் மோட்டார் சைக்கிளை உதைக்கும் முன் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "டீச்சர், பிள்ளைங்களக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லுங்க. வண்டியில போறப்ப ரோட்டிலேருந்து சரியாத் தெரியல." சொல்லிவிட்டு, புகையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்குக் கொஞ்சமும் நிம்மதியில்லை. பீரியட் பிழைத்தது திருஷ்டியால். வாரம் முழுக்கப் பெற்றவர்கள் வந்து, "டீச்சரம்மா, மழையில ஊறிப் போச்சு, புதுசு வேணுங்க" என்று நின்றார்கள். 'எதுக்கு?' என்று அன்றைக்கு அந்தச் சிறுமி கேட்டதற்கு ஊரே சேர்ந்து ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டது, என் பதில்தான் தோற்றது. வேலைக்கு வேறெங்காவது எழுதிப் போடலாமா என்று பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய் நிற்பேன்.

பங்குனியில் மிளகாய்க் காடு முடிந்தது. செடியைப் பிடுங்கிவிட்டார்கள், கம்பும் இல்லை, படமும் இல்லை. குப்பையோடு போயிருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சிறுமி இரண்டு நாளாகப் பள்ளிக்கு வராததால், சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் விட்டுப் பாயில் படுத்திருந்தாள். அவளுக்கு எதிர்ச் சுவரில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், கிணறு.

வெயில் பட்டு மஞ்சள் வெளுத்திருக்க வேண்டுமே. ஆனால் பளிச்சென்று இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பழைய மஞ்சள் மேல் யாரோ புதிதாகப் பூசியிருந்தார்கள். கொஞ்சம் இடம் தப்பிச் சிவப்புக்கு வெளியே வழிந்திருந்தது.

"நாந்தாங்க வெச்சேன்" என்றாள் அம்மா வெட்கத்தோடு. "வெளுத்துப் போயி ஒரு மாதிரியா இருந்துச்சு. நான் கெடுத்துட்டன்னு இவ ஒரே சண்ட."

"காடுதான் முடிஞ்சுபோச்சே அக்கா. வூட்டுக்குள்ள யாரு கண்ணு படப்போவுது? இன்னும் எதுக்குங்க இது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

"பாக்கறதுக்குத்தாங்க" என்றாள். "செத்த உக்காருங்க, மோர் எடுத்தாறேன்."

அந்தச் சிறுமி பாயில் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.